இராயப்பருக்கு நேர்ந்த மீன்

ஓடைமுகம்,
மே 9, 1976

தெயொதாத்து,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் இருப்பாய், இல்லாவிட்டால் கோயில் மணி அடித்திருக்கும். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

நேற்றுக் காலை பால் படகுக்காரன் பிபியு வந்தான். கேனைத் தூக்கிக்கொண்டே சொல்கிறான்: "கித்தேரியாம்மா, விஷயம் தெரியுமா? உங்க தம்பி நம்ம மீனவர் சாமி இராயப்பருக்கு நேர்ந்துக்கிட்டாராம். ஒரு பீப்பா துக்குனரே மீன் வாங்கி நம்ம ஏரியில விடப்போறாராம். திருநாளன்னைக்கு, படகுப் பவனியில, சாமி முன்னாடி!"

ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரிப் பல்லைக் காட்டினான். அவன் பேரில் தப்பில்லை. அவன் பால்காரன். நீ மீன்காரனுக்குப் பிறந்தவன்.

துக்குனரே என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? மஞ்சள் உடம்பு, வாலில் கண் மாதிரி ஒரு பொட்டு, பார்க்க அழகு. நீ அழகைப் பார்த்து வாங்கிய எதுவும் உருப்பட்டதில்லை. அந்த வெள்ளைக் கோவேறு கழுதையை நான் இன்னும் மறக்கவில்லை. என் தோளும் மறக்கவில்லை, கடித்த இடம் குளிருக்கு இப்போதும் வலிக்கிறது.

செரோத்தி ஏரிக்கரையில் இருக்கும் நம் சித்தி மகளைக் கேள். அங்கேயும் ஒரு புத்திசாலி இந்த மீனைக் கொண்டுவந்து விட்டான். முதலில் ஊரே கொண்டாடியது, போட்ட வலையெல்லாம் துக்குனரே. அப்புறம் பியாபா போனது. விரல் நீள மீன், பூனைக்குப் போடுவது என்று நீ சொல்வாய். கொசுப்புழுவைத் தின்பது அந்த விரல் நீள மீன்தான். இப்போது அந்த ஊரில் பொழுது சாய்ந்தால் சாணி மூட்டம் போட்டுப் புகையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு பியாவு போனது. பிறகு குரிமதாக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியில் தின்ன வேறு கிடைக்காமல் துக்குனரே துக்குனரேயைத் தின்றது.

நம் ஏரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பசி, ஒரு இடம். குரிமதா சேற்றை மேய்கிறது, அதனால் அடித்தண்ணீர் அழுகாமல் கிடக்கிறது. பியாவு கரை மரத்திலிருந்து விழுவதைத் தின்கிறது. த்ராயிரா புல்லுக்குள் பதுங்கிக் கிடந்து, வேண்டியதை மட்டும் பிடிக்கிறது. நீ கொண்டுவரும் மீனுக்கு இடம் எல்லாம் இடம், சாப்பாடு எல்லாம் சாப்பாடு.

வேறு எதையாவது நேர்ந்துகொள். மெழுகுவர்த்தி ஏற்று. கோயிலைச் சுற்றி முட்டி போட்டு நட. உன் முட்டிக்கும் நல்லது.

கித்தேரியா


அணைத்தெரு,
மே 16, 1976

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதிலிருந்த மொழியைக் கண்டு என் மனைவி ஜுலெய்தே மிகவும் வருந்தினாள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இந்த ஏரி தங்கள் சொத்து அல்ல. அணையை அரசாங்கம் கட்டியது. தண்ணீரைக் கடவுள் நிரப்பினார். தாங்கள் ஓடைமுகத்தில் குடியிருப்பதால் ஓடையே தங்கள் இடுப்பிலிருந்து புறப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இரண்டாவது, நேர்த்திக்கடன். போன ஆகஸ்டில் என் மகள் மரினேத் கருக்கலைந்து ரத்தம் நிற்காமல் கிடந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் தங்களுக்கு ஞானமகள், ஞானஸ்நானத்தில் தாங்கள்தான் அவளைக் கையில் ஏந்தினீர்கள். தாங்கள் வந்தீர்கள், வாசலில் நின்றீர்கள், என் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. நான் அன்று கோயிலுக்கு ஓடி இராயப்பரின் காலைப் பிடித்தேன். "என் பொண்ணைக் குடு. உன் தண்ணியில இல்லாத மீனைக் கொண்டுவந்து விடுறேன். இருக்கிறதுலயே ஒசந்த மீன்" என்றேன். மறுநாள் ரத்தம் நின்றது. இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

இப்போது போய், "சாமி, அக்கா கோபிக்கிறாள், ஒரு கூடை சேறு தின்னும் மீன் தருகிறேன், வைத்துக்கொள்ளும்" என்று சொல்லவா? அவர் மீன்பிடித்தவர். சிரிப்பார்.

முள் இல்லாத மீன் இந்த ஏரிக்கு வந்தால் எல்லாருக்கும் நல்லதுதான். முள்ளைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இப்படிக்கு,
தெயொதாத்து


ஓடைமுகம்,
மே 23, 1976

தெயொதாத்து,

சொல்ல விரும்பவில்லை என்று சொல்லிவிட்டே சொல்கிறாய். சின்ன வயதிலும் இப்படித்தான், அடிக்க விரும்பவில்லை என்று சொல்லிக்கொண்டே கிள்ளுவாய்.

முள்ளைப் பற்றி நான் சொல்கிறேன். மரினேத்தின் கல்யாணத்துக்கு மீன் கொண்டுவா என்று ஆள் அனுப்பியது நீ. நான் நாலு கூடை குரிமதா கொண்டுவந்தேன். ஒவ்வொன்றும் சினை, வயிறு வெடிக்கிற மாதிரி. கூடையை இறக்கும்போது நகரத்திலிருந்து வந்த உன் சம்பந்திகளில் ஒருத்தி மூக்கைச் சுளித்து, "ஐயோ, இது முள்ளு மீனாச்சே" என்றாள். நீ உடனே என் கூடைகளைக் கோழிக்கூண்டுப் பக்கம் வைக்கச் சொன்னாய். பெட்டியில் ஐஸ் போட்டு வந்த கடல் மீனைப் பந்தியில் வைத்தாய். அது நாறியது. எல்லாரும் எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து தின்றார்கள். நான் என் கூடைகளை எடுத்துக்கொண்டு படகேறினேன். அன்றைக்கு நீ போட்டிருந்த சட்டைக்கு மூன்றாவது பொத்தான் இல்லை. உன்னைப் பற்றி எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கவில்லைதான். அந்த ரத்தத் துணிகளையெல்லாம் துறையில் உட்கார்ந்து துவைத்தது யார்? இராயப்பரா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பங்குச் சாமியார் இந்தக் கரைக்குப் பூசை வைக்க வந்தார். கேட்டேன்.

"சாமி, ஒருத்தன் நேர்ந்ததை மாத்திக்க முடியுமா?"

"முடியும்மா. நியாயமான காரணம் இருந்தா வேற ஒண்ணா மாத்திக் குடுப்போம். யாரு நேர்ந்தது?"

"என் தம்பி."

"அப்ப அவரே வந்து கேக்கணும்."

"அவன் கேக்கமாட்டான் சாமி. வெக்கப்படுவான்."

"யாரு, தெயொதாத்துவா? வெக்கமா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பூசைப் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆக, வழி இருக்கிறது. போய்க் கேள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம். உன் சாராயக்கடையில் தினமும் ஆயிரம் வாக்கியம் பேசுகிறாய், அதில் ஒன்றைக் கோயிலில் பேசு.

கித்தேரியா


அணைத்தெரு,
ஜூன் 4, 1976

அக்கா,

மீன்கள் வந்துவிட்டன. எனவே இனி கத்திப் பயனில்லை.

கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். திருநாள் வரைக்கும் வைத்திருந்து, பவனியன்று பீப்பாயில் ஏற்றலாம் என்று திட்டம். ஆனால் இந்த மாதிரிப் பசியை நான் பார்த்ததே இல்லை. மரவள்ளி மாவைப் போட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. சோளக் களியைப் போட்டேன், தண்ணீர்தான் புளித்தது. உயிரோடு ஓடுவதைத்தான் தின்னுமாம். மீனைக் கொண்டுவந்து விற்றவன் இதை முன்னாடியே சொல்லவில்லை. நேற்று எட்டிப் பார்த்தால் ஒரு மீன் வாயில் இன்னொரு மீனின் வால் ஆடிக்கொண்டிருக்கிறது. "உங்க வீட்டு ஆளுங்க சாப்பாட்டுக்கு உக்காந்த மாதிரியே இருக்கு" என்கிறாள் ஜுலெய்தே. நம் வீட்டைத்தான் சொல்கிறாள், உன்னையும் சேர்த்து.

என் பக்கத்துத் தண்ணீரின் நிலைமை உனக்குத் தெரியும். அணைச் சுவரோரம் பச்சைப் பாசி, பயற்றங்கஞ்சி மாதிரி. பியாபா அகப்படுவதில்லை. உன் பக்கம் ஓடைத் தண்ணீர் தெளிவு, பியாபா கூட்டம் கூட்டமாக இருக்கிறது என்று பிபியு சொல்கிறான். நாளுக்கு ஒரு வாளி அனுப்ப முடியுமா? விலையை நீயே சொல்.

சாமியாரிடம் ஏன் கேட்கவில்லை என்று நீ மறுபடியும் எழுதுவாய். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மரினேத் மறுபடியும் கர்ப்பம். போன தடவை நடந்ததால் வெளியே யாருக்கும் சொல்லவில்லை, ஐந்து மாதம் ஆகிறது. அக்டோபரில் பிறக்கும். இந்த நேரத்தில் நான் இராயப்பரிடம் பேரம் பேசப் போகமாட்டேன். அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். என் பங்கில் நான் ஒரு செதில் குறைத்து, அதை அவர் அக்டோபரில் கணக்குப் பார்த்தால்?

நீ திட்டு. பரவாயில்லை. எனக்கு உன்னைவிட அவரிடம்தான் பயம்.

தெயொதாத்து


ஓடைமுகம்,
ஜூன் 12, 1976

தெயொதாத்து,

என் பியாபாவை உன் துக்குனரேக்கு அனுப்ப வேண்டுமா? கோழிக் குஞ்சைக் கூடையில் வைத்து, மேலே பூ வைத்து நரிக்கு அனுப்பச் சொல். அதையும் செய்கிறேன்.

ஐந்து மாதக் கர்ப்பத்தை ஞானத்தாய்க்குக் கடிதத்தின் நாலாவது பத்தியில், பியாபாவுக்குப் பின்னால் சொல்கிறாய். சரி. இதுவும் எனக்கு ஞாபகம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மரினேத் பிபியு படகில் இங்கே வந்தாள். துணி தைக்கக் கொடுக்கப் போவதாக உன்னிடம் சொல்லியிருப்பாள். முகம் தெளிவாக இருக்கிறது, கால் வீங்கவில்லை. உப்பிட்டு வைத்திருந்த குரிமதாச் சினையை மாவோடு வறுத்துக் கொடுத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்:

"அத்தை, அந்த மீனை விட்டா நெசமாவே எல்லாம் அழிஞ்சுபோயிடுமா? இல்ல, அப்பா மேல இருக்கிற கோவத்துல சொல்றீங்களா?"

"கோவத்துலதான் சொல்றேன். ஆனா அழிஞ்சுபோகும்."

"அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, தெரியுமா? என் உசிரை வச்சு நேர்ந்திருக்காரு. ஊரே நாளைக்கு, இவளாலதான் ஏரி போச்சுன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லும்."

"நீ என்னடி பண்ண முடியும்?"

"கடன் யாருது அத்தை? நேர்ந்தவருதா, பொழைச்சவளுதா?"

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு நாலு வயதில் அம்மை போட்டதே, அம்மா புனித பிரான்சிசுக்கு நேர்ந்தாள். யார் செலுத்தியது? வருஷம் முழுக்க அந்தப் பழுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு அலைந்தது நீ. ஊரே உன்னைக் குட்டிச் சாமியார் என்று கூப்பிட்டது, அழுதுகொண்டே கல்லெறிந்தாய். அம்மா நேர்ந்தாள், பிழைத்த நீ செலுத்தினாய். நம் ஜனங்களில் இதுதானே வழக்கம்.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நம் அம்மா மாதிரியே தாடையை நீட்டிக்கொண்டு படகேறிப் போனாள். அந்தத் தாடையை உனக்குத் தெரியும்.

கித்தேரியா


அணைத்தெரு,
ஜூலை 1, 1976

அக்கா,

சந்தோஷமா? நீ உன் படகில் பவனியின் கடைசியில் நின்றதைப் பார்த்தேன். கரையில் கால் வைக்காமல் வேடிக்கை பார்த்தாயே, தூரத்தில் என்ன கேட்டிருக்கும்? நானே சொல்கிறேன், முழுதாகச் சந்தோஷப்பட்டுக்கொள்.

நடு ஏரிக்கு வந்ததும் சாமியார் செபம் சொன்னார். பட்டாசு வெடித்தது. நான் பீப்பாயின் மூடியில் கை வைத்தேன். மரினேத் என் கையின் மேல் அவள் கையை வைத்தாள்.

"அப்பா, இந்தக் கடன் என்னோடது. நான்தான் செலுத்துவேன்."

"சரிம்மா, நீயே மூடியைத் தொற" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், முட்டாள்.

அவள் சாமியாரைப் பார்த்துத் திரும்பினாள். "சாமி, என் உசிருக்காக நேர்ந்த மீனு இது. இதை இராயப்பருக்கே குடுக்கிறேன். அவரு திருநாளுக்குப் பசியோட வந்திருக்கிற ஜனத்துக்குக் குடுத்தா அவருக்கே குடுத்த மாதிரிதானே? பந்தியில வச்சுடுறேன். நீங்க மந்திரிச்சுக் குடுங்க."

பீப்பாயில் தண்ணீர் தளும்புகிறது. சாமியார் மீனைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். அந்த மனிதர் விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "நியாயமான மாத்தம்தான்" என்றார். அந்த நிமிஷமே படகுகளில் இருந்தவர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து கத்தினார்கள். என் கடையில் வருஷக்கணக்காகக் குடித்தவர்கள். ஒருவன்கூட என் பக்கம் பேசவில்லை. "எண்ணெய் காயட்டும்!" என்று ஒருத்தன் கரைக்குக் குரல் கொடுத்தான்.

நான் நடு ஏரியில் நிற்கிறேன். எங்கே போவது? தண்ணீரிலா இறங்க முடியும்?

ஊரே சுற்றி நின்று பொரித்துத் தின்றது. எல்லாரும் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். நான் ஒரு துண்டும் தொடவில்லை. அக்டோபர் வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது, அதையும் தெரிந்துகொள்.

தெயொதாத்து


ஓடைமுகம்,
ஜூலை 6, 1976

தெயொதாத்து,

சந்தோஷம்தான். ஒளிக்கமாட்டேன்.

மரினேத் ஒரு தட்டைப் படகு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். தின்றேன். வெள்ளைச் சதை, ஒரு முள் கிடையாது, நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். நாறியிருந்தால் நிம்மதியாகத் தின்றிருப்பேன்.

அவளைப் பற்றிப் பயப்படாதே. வலி கண்டதும் எனக்குப் படகு அனுப்பு. சாக்குப்போக்குச் சொல்லாமல் வந்து நிற்பேன். வேண்டுமானால் தண்ணீரும் குடிக்கிறேன்.

இங்கே தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. முங்கிக் கிடந்த செத்த மரங்களின் உச்சி வெளியே தெரிகிறது. குரிமதா ஆழக் குழிகளுக்கு ஒதுங்கிவிட்டது. இனி மழை வரும் வரைக்கும் எல்லாரும் இருப்பதைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், மீனும் நாமும்.

கித்தேரியா


அணைத்தெரு,
அக்டோபர் 17, 1976

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

இறைவன் அருளால் மரினேத்துக்கு நேற்றுச் சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தைக்குத் தலை நிறைய முடி.

வலி விடியற்காலையிலேயே தொடங்கியது. எல்லாம் சட்டென்று நடந்துவிட்டதால் தங்களுக்குப் படகு அனுப்ப முடியவில்லை. மன்னிக்கவும். தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும். ஜுலெய்தே தங்களை மிகவும் விசாரித்தாள்.

என்றும் அன்புள்ள,
தெயொதாத்து


ஓடைமுகம்,
அக்டோபர் 20, 1976

தெயொதாத்து,

விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சட்டென்று நடந்ததா? பிபியு அன்றைக்கு மூன்று தடவை இந்தப் பக்கம் வந்து போனான். ஒரு தடவைகூட நீ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனை நான் குடைந்து கேட்டுவிட்டேன்.

ஞானமகள் அங்கே நாள் முழுக்கக் கத்திக்கொண்டு கிடக்க, நான் இங்கே ஒன்றும் தெரியாமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் தண்ணீர் குடிக்கிறேன் என்றுகூட எழுதியிருந்தேனே. அதற்குமேல் ஒரு மனுஷி எப்படி இறங்கி வருவாள்?

குழந்தையைப் பார்க்கத் துறைக்கு வந்தேன், மரினேத் கொண்டுவந்து காட்டினாள். அழகாக இருக்கிறது. உன்னைப் பார்க்கவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை.

நீ என்னை இதுவரை அன்புள்ள அக்கா என்று எழுதியதில்லை. என்னவோ இருக்கிறது.

கித்தேரியா


ஓடைமுகம்,
டிசம்பர் 5, 1976

தெயொதாத்து,

என்னவோ இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா. நேற்று அதைப் பார்த்தேன்.

ஓடை வந்து விழும் இடத்தில், மூன்று செத்த மரம் சேர்ந்து நிற்குமே, அங்கே கொஞ்ச நாளாகப் பியாபா இல்லை. வலையில் வருவதும் வால் கடிபட்டு வந்தது. த்ராயிராவின் வேலை என்று நினைத்தேன். நேற்று வெயில் ஏறியதும் படகை மரத்தில் கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். மஞ்சள் உடம்பு. வாலில் கண். ஒன்றல்ல, இரண்டு, ஜோடியாக.

பீப்பாயில் இருந்ததெல்லாம் ஊர் வயிற்றுக்குள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பீப்பாய்க்கு வராதது எது? தொட்டியில் எத்தனை மீன் வைத்துக்கொண்டாய்? எப்போது விட்டாய்? உன் பாசித் தண்ணீரில் விட்டால் அங்கேயே கிடக்கும் என்று நினைத்தாயா? அது கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். கண் தெரியும் தண்ணீரைத் தேடி வரும். என்னைத் தேடித்தான் வரும்.

சுற்றி வளைக்காமல் எழுது. மரியாதை வேண்டாம்.

கித்தேரியா


அணைத்தெரு,
டிசம்பர் 8, 1976

அக்கா,

ஆமாம், விட்டேன். ஆறு மீன்.

திருநாளுக்கு முந்தின நாளே ஆறு மீனைப் பழைய தண்ணீர்த் தாழிக்கு மாற்றி வைத்தேன். அப்போது ஏனென்று எனக்கே தெரியாது. மரினேத்தின் முகத்தில் ஏதோ பார்த்தேன் போலிருக்கிறது. பிறகு அவற்றை ஜுலெய்தேக்குத் தெரியாமல், தவளையும் வெட்டுக்கிளியும் பிடித்துப் போட்டு வளர்த்தேன். சத்தியமாக விடுவதற்காக இல்லை. கையில் இருக்கட்டும் என்றுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் மருத்துவச்சி அறையிலிருந்து வெளியே வந்தாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அவள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள், இன்னொரு குவளை மொண்டு குடித்தாள், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவுக்குள் மரினேத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது. கத்தல் இருந்தவரைக்கும் தாங்கினேன் அக்கா. கத்தல் நின்றதும் தாங்க முடியவில்லை.

வாளியை எடுத்தேன். ஆறையும் போட்டுக்கொண்டு அணைச் சுவரோரம் ஓடி விட்டுவிட்டு, தண்ணீரிலேயே முட்டி போட்டேன். திரும்பி வந்தபோது குழந்தை அழுதது.

உனக்கு ஏன் படகு அனுப்பவில்லை என்று கேட்டாய். விடியும்போதே அந்த வாளி என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. நீ வந்திருந்தால் அதைப் பார்த்திருப்பாய். நீ எல்லாவற்றையும் பார்ப்பாய். அதனால் அனுப்பவில்லை.

நான் விட்டதால்தான் பிழைத்தாளா, எப்படியும் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நீ அந்தக் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. ஏரி பெரிது என்று நீ சொல்வாய். அந்த நேரத்தில் எனக்கு ஏரி ஒரு வாளித் தண்ணீர்.

இப்போது அவற்றைப் பிடிக்கச் சொல்லாதே. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அவர் என்ன நினைப்பார்?

தெயொதாத்து


ஓடைமுகம்,
டிசம்பர் 12, 1976

தெயொதாத்து,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை முழுக்கத் திட்டிக்கொண்டே படித்தேன். இரண்டாம் தடவை மருத்துவச்சி தண்ணீர் குடிக்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். கொஞ்சம்தான். அதில் குளிர்காயாதே.

நேற்றுக் காலை ஈட்டியை எடுத்துக்கொண்டு அந்த மூன்று மரத்துக்குப் போனேன். ஜோடி அங்கேயே இருந்தது. ஏன் இடம் மாறவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குஞ்சு பொரித்திருக்கிறது. கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மேகம் மாதிரித் தண்ணீரில் மிதக்கிறது, நூற்றுக்கணக்கில்.

எந்த மீனும் படகு நிழல் விழுந்தால் ஓடும். எத்தனை வருஷம் இந்தத் தண்ணீரில் கிடக்கிறேன், ஓடாத மீனை நான் பார்த்ததில்லை. இது ஓடவில்லை. ஆண் மீன், நெற்றியில் திமில் மாதிரி வீங்கியிருந்தது, நேராக என் படகைப் பார்த்து வந்தது. துடுப்பைத் தண்ணீரில் விட்டேன், கடித்தது. எடுத்தேன், மறுபடி விட்டேன், மறுபடி கடித்தது. பெண் மீன் பின்னால் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் படகு பெரிது, என் கையில் இரும்பு இருக்கிறது, அதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. குஞ்சுக்கும் எனக்கும் நடுவில் நின்றது.

செரோத்தியில் அது எல்லாவற்றையும் தின்றதை எனக்குச் சொன்னார்கள். இப்படி நிற்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்தது. உன் கடிதத்தில் புரியாதது அங்கே புரிந்தது. புரிந்துகொண்டேதான் குத்தினேன். முதலில் ஆணை, பிறகு பெண்ணை. குஞ்சுகளைச் சர்க்கரைச் சாக்கில் வாரிக் கரை மணலில் கொட்டினேன். கொக்குகள் இறங்கின. நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். இரண்டு மீனையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், என்னால் சமைக்க முடியவில்லை. இதை நீ யாரிடமாவது சொன்னால் உன் பல்லை உடைப்பேன்.

இன்னும் நாலு இருக்கிறது.

கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் இராயப்பர் என்ன நினைப்பார் என்று கேட்கிறாய். அவர் வலைக்காரர். தண்ணீருக்குள் போனதை வெளியே எடுக்கக் கூடாது என்று எந்த வலைக்காரன் சொல்வான்? மரினேத் ஒரு தடவை செலுத்தினாள், அவளை நம்பாமல் நீ ஒரு தடவை செலுத்தினாய். ஒரே உயிருக்கு இரண்டு தடவை வாங்கிக்கொண்டவர் வாயைத் திறக்கமாட்டார். குழந்தை பால் குடிக்கிறது. அவர் பக்கம் முடிந்தது. இனி தண்ணீரில் இருப்பது வெறும் மீன்.

ஜனவரியில் மழை இறங்கினால் ஓடை பெருகும், ஏரி விரியும், அப்புறம் எந்த மரத்தடியில் என்று தேடுவது? குரிமதா சினையோடு மேலே ஏறும் நேரமும் அதுதான். அதற்குள் நாலையும் எடுத்தாக வேண்டும். நீ என் பேரில் கோபப்படுவதை மழைக்குப் பிறகு வைத்துக்கொள், நானும் அப்படியே செய்கிறேன்.

வியாழக்கிழமை பிபியு படகில் ஏறி வா. இந்த ஜோடி குஞ்சுக்காக நின்றது, மற்றதெல்லாம் ஓடும், ஓடுகிற மீனை ஒரு ஆளால் பிடிக்க முடியாது. ஒருத்தர் படகை அசையாமல் பிடிக்க வேண்டும், ஒருத்தர் குத்த வேண்டும். என் கை இன்னும் நேராகத்தான் போகிறது. படகைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. நீ பிடி. வாயை மூடிக்கொண்டு பிடி. பேசவேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது.

கித்தேரியா